பதினான்காம் இலக்கத்தின் ஐந்தாவது ஃபவுல்

பதினான்குக்கும் பதினைந்துக்கும் இடையே ஒரு பெருவிரல்தான் வித்தியாசம். கூடைப்பந்தில் நடுவர் விசில் ஊதியதும், ஃபவுல் செய்தவரின் இலக்கத்தை மேசைக்குக் கைகளால் காட்டுவார். வலது கையைப் பொத்திப் பிடித்தால் பத்து. இடது கையில் நான்கு விரல்களை விரித்தால் பதினான்கு. பெருவிரலும் சேர்ந்து விரிந்தால் பதினைந்து. அந்த மேசையில் பதின்மூன்று வருடம் ஸ்கோர் ஷீட் எழுதினேன். ஒருமுறைகூட ஒரு பெருவிரலை நான் பிழையாகப் பார்த்ததில்லை. அந்தச் சனிக்கிழமையும் பிழையாகப் பார்க்கவில்லை.

நான் எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவள். எந்த பஸ்சில் போனேன், என்ன சமைத்தேன், யார் போன் எடுத்தார்கள் என்பதெல்லாம் ஒவ்வொரு மாலையும் கொப்பியில் ஏறும். வேலையும் அப்படிப்பட்டதுதான். ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் இரத்த மாதிரிகளைப் பொறுப்பேற்கும் மேசை. குழாயில் உள்ள இலக்கமும் படிவத்தில் உள்ள இலக்கமும் ஒன்றாக இல்லாவிட்டால் ஏற்கக்கூடாது. டொக்டரே வந்து நின்று கெஞ்சினாலும் திருப்பித்தான் அனுப்ப வேண்டும். நான் திருப்பி அனுப்பிய டொக்டர்கள் பலர்.

மகளைப் பதின்மூன்று வயதில், தென் லண்டனில் மிச்சம் என்ற ஊரில், ஒரு கூடைப்பந்துக் கழகத்தில் சேர்த்தோம். ஆட்டத்துக்கு ஒரு பெற்றோர் மேசையில் இருந்து எழுத வேண்டும் என்பது அங்கே விதி. மற்றவர்கள் வாகனம் நிறுத்தப் போகிறோம், தேநீர் வாங்கப் போகிறோம் என்று நழுவினார்கள். நான் இருந்தேன். முதலாம், மூன்றாம் கால்பகுதிகள் சிவப்புப் பேனை. இரண்டாம், நான்காம் பகுதிகள் நீலம். பென்சில் கிடையாது, அழிக்கக்கூடாது. எனக்கு அது பிடித்துவிட்டது. மகள் அமெரிக்கா போன பிறகும் மற்றவர்களின் பிள்ளைகளுக்காக எழுதினேன். இந்த லீக்கில் மிகத் துப்புரவான ஷீட் உங்களுடையது என்று நடுவர்கள் சொல்வார்கள்.

மகள் பதினெட்டு வயதில் முழுப் புலமைப்பரிசிலோடு அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்குப் போனாள். இரண்டாம் வருடத்திலிருந்து அந்தச் சிறிய நகரத்தில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. மைதானத்துச் சுவரில் அவளுடைய படம் இரண்டு ஆள் உயரத்துக்குத் தொங்கியது. சிறு பிள்ளைகள் பதினான்கு என்று அச்சடித்த சட்டையோடு வந்தார்கள். நாங்கள் ஒரே ஒருமுறை போனோம். கையெழுத்து வாங்க வரிசையில் நின்ற ஒரு சிறுமி, நான் தாய் என்று அறிந்து என்னிடமும் தாளை நீட்டினாள். நான் பேனையை வாங்கி, அப்பாவின் முதலெழுத்தோடு முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை அதை வாசிக்க முயன்று, பிறகு மரியாதையாக மடித்து வைத்தது.

அதன் பின் நடந்ததை வரிசையாக எழுதலாம். தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரரைத் தெரிந்து பெயர் கூப்பிட்ட நாளில் அவளுடைய பெயர் வரவில்லை. ஓர் அணி பயிற்சி முகாமுக்கு அழைத்தது. ஒன்பதாம் நாள் அனுப்பிவிட்டது. போர்த்துக்கலில் ஒரு கழகம் எடுத்தது. பருவத்தின் நடுவில் அந்தக் கழகமே மூடப்பட்டது. போலந்தில் இன்னொன்று எடுத்தது. அங்கே இடது முழங்கால் போனது. கல்லூரியில் அவளுடைய உயரம் கூடைக்குக் கீழே நிற்கப் போதுமாக இருந்தது. தொழிலில் அவளைவிட அரையடி உயரமானவர்கள் தூரத்திலிருந்தும் எறிந்தார்கள். முகாமில் ஒரு கோச் அவளிடம் நேரே சொன்னாராம்: "நீ உள்ளே ஆடக் கட்டை, வெளியே ஆட மெதுவு." அவள் எனக்குப் போனில் சொன்னாள். நான் அதையும் கொப்பியில் எழுதினேன், பிறகு அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை.

இருபத்துநான்கு வயதில் வீட்டுக்கு வந்தவள் பழைய அறையில், கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பழைய கட்டிலில் படுத்தாள். விடியக்காலை பொதிகள் பிரிக்கும் களஞ்சியம் ஒன்றில் ஷிப்ட். மத்தியானம் வந்து படிக்கட்டுக் கம்பியில் ரப்பர் பட்டி கட்டி முழங்காலுக்குப் பயிற்சி. பிறகு ஐஸ். சாப்பாடு எல்லாம் தராசில். குசினி மேசையில் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு எப்போதும் இருந்தது. அவித்த கோழி இவ்வளவு, சோறு இவ்வளவு. ஒரு நாள் நான் கத்தரிக்காய்க் குழம்பை ஒரு கரண்டி கூட வைத்துவிட்டேன்.

"அம்மா, இது எவ்வளவு எண்டு தெரியாது எனக்கு," என்றாள்.

"ஒரு கரண்டி பிள்ளை."

"கரண்டி ஒரு அளவில்லை அம்மா."

எனக்கு அது ஏதோ என் குரல் போலவே கேட்டது.

இரண்டு வருடம் அப்படிப் போனது. அவளுடைய ஏஜென்ட் முதலில் கிழமைக்கு ஒருமுறை பேசினார், பிறகு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு அவள் அனுப்பும் செய்திக்கு ஒரு பெருவிரல் படம். என் கணவர் ஒவ்வொரு வெள்ளியும் கொலியர்ஸ் வுட்டில் நோர்தேர்ன் லைன் ரயில் ஏறி ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போய்வருவார். வந்து மகளின் நெற்றியில் திருநீறு பூசுவார். அவள் குனிந்து கொடுப்பாள். குனியும்போது முழங்காலை மடிக்காமல் இடுப்பை மட்டும் வளைப்பதை நாங்கள் இருவரும் பார்ப்போம். 

ஊரார் விஷயம் வேறு. அரைக் காற்சட்டையோடு பெட்டைப் பிள்ளையைப் பந்தடிக்க விடுகிறோம் என்று ஒரு காலத்தில் கதைத்தவர்கள், அமெரிக்கா என்றதும் எங்களைத் தேடி வந்து கதைத்தார்கள். திரும்பி வந்ததை நான் யாருக்கும் சொல்லவில்லை. நாங்கள் மரக்கறி வாங்கும் கடைக்கார அக்கா ஒரு நாள் நிறுத்தினார்.

"மகளைக் கண்டனான். ட்ராமில நிண்டவ. அமெரிக்காவில எல்லோ?"

"லீவில வந்து நிக்கிறா அக்கா."

"போன வருசமும் கண்டனான். நல்ல நீட்டு லீவுதான்." பூசணிக்காயைத் தராசில் வைத்தார். "எங்கட மருமோனுக்கும் அங்க ஒரு வேலை பாருங்கோவன். அவனுக்கு லீவெண்டா உயிர்."

"புதுக் கொன்ட்ராக்ட் வருது. ஸ்பெயின்ல."

"அப்பிடியே? டிவியில காட்டுவினமோ?"

"ஓம், காட்டுவினம்."

அன்றைய கொப்பியில் இப்படி இருக்கிறது: பூசணிக்காய் ஒன்று. பொய் மூன்று.

பொய் சொல்லி மூன்று கிழமைக்குள் ஸ்பெயின் உண்மையாகவே வந்தது. இரண்டாம் பிரிவுக் கழகம் ஒன்றில் ஒரு ஆட்டக்காரிக்குக் காயம். பருவம் முடியும்வரை ஒருவர் தேவை. ஏஜென்ட் தானே போன் எடுத்தார். சனிக்கிழமை வந்து பார்க்கிறேன், கால் எப்படி என்று என் கண்ணால் காணவேண்டும், இதைவிட என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றாராம். மகள் இதை எங்களுக்குக் குசினியில் நின்றபடி ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டுத் தமிழில் கேட்டாள்:

"இதுவும் போனா நான் ஆர் அம்மா?"

நான் என்ன சொல்லியிருக்கலாம் என்று இப்போது பல பதில்கள் தெரியும். அப்போது, "முதல்ல சாப்பிடு," என்றேன்.

அவள் திரும்பி வந்ததிலிருந்து ஆடியது எங்கள் பழைய கழகத்தின் பெண்கள் அணியில்தான். பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் சனி மத்தியானம் ஆட்டம். பெரும்பாலும் பல்கலைக்கழகப் பிள்ளைகள், வேலை முடிந்து வருகிற ஆசிரியைகள். பார்க்க முப்பது பேர் வந்தால் அதிகம். மேசையில் நானும், நேரம் பார்ப்பதற்கு ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவரும். பார்வையாளர் இருக்கைகள் எங்கள் முதுகுக்குப் பின்னால். யார் வந்திருக்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்ப்பதில்லை. எழுதுபவள் திரும்பினால் ஒரு புள்ளி தவறும். ஏஜென்ட் வந்துவிட்டார், தன் பக்கத்தில் இருக்கிறார் என்று கணவர் ஆட்டம் தொடங்குமுன் வந்து காதில் சொன்னார். "கோப்பி குடிச்சுக்கொண்டு இருக்கிறார். நல்ல மனிசன் போலக் கிடக்கு," என்றார்.

முதல் இரண்டு பகுதியிலும் மகள் அவசரப்பட்டாள். எல்லாவற்றையும் ஒரே ஆட்டத்தில் காட்டிவிட வேண்டும் என்ற அவசரம். பந்து இல்லாத இடத்துக்கெல்லாம் பாய்ந்தாள். கால் ஒரு கணம் பிந்தி வந்தது, கை முந்திப் போனது. அப்படித்தான் ஃபவுல் வரும். இடைவேளைக்குள் மூன்று. மூன்றாம் பகுதியில் நான்காவது. ஐந்தானால் ஆட்டம் முடியும்வரை வெளியே இருக்க வேண்டும். ஒவ்வொரு ஃபவுலுக்கும் நான் எண் எழுதிய மட்டையை உயர்த்திக் காட்டவேண்டும். நான்கு என்ற மட்டையை என் மகளுக்காக இரண்டு கையாலும் பிடித்து உயர்த்தினேன்.

நான்காம் பகுதியில் ஆறு நிமிடமும் பத்துச் செக்கனும் மிச்சம் இருந்தது. எதிரணிப் பெண் கூடைக்கு எழும்பினாள். மகள் பின்னால் வந்து கையைத் தட்டினாள். விசில். நடுவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். வலது கை பொத்தி இருந்தது. இடது கையில் நான்கு விரல். பெருவிரல் உள்ளங்கைக்குள் மடிந்திருந்தது. அதன் நகம்கூட எனக்குத் தெரிந்தது.

நான் நீலப் பேனையை எடுத்து, பதினைந்தின் வரிசையில் எழுதினேன்.

பதினைந்தாம் இலக்கம் எங்கள் அணியின் பத்தொன்பது வயதுப் பிள்ளை. சட்டன் என்ற ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவள். அவளுக்கு அதுவரை மூன்று ஃபவுல். ஆகவே நான்கு என்ற மட்டையை உயர்த்தினேன். எங்கள் கோச் ஒரு கணம் மேசையைப் பார்த்தார். மேசை சொன்னால் சரி என்று திரும்பினார். பக்கத்தில் இருந்த பஸ் சாரதி என் ஷீட்டைப் பார்த்தார், பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார், தன் தண்ணீர்ப் போத்தலைக் கொஞ்சம் அப்பால் நகர்த்தினார்.

மகளும் பார்த்தாள். ஆட்டக்காரர் எவரும் தங்கள் ஃபவுல் கணக்கை மறப்பதில்லை. அவள் வெளியே வருவதற்கு ஓர் அடி வைத்துவிட்டாள். மட்டையில் நான்கைக் கண்டாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் தலைக்கு மேலால் இருக்கைகளைப் பார்த்தாள். திரும்பி ஓடி, தன் இடத்தில் நின்றாள்.

அடுத்த நான்கு நிமிடமும் இருபது செக்கனும் நான் அவளைப் பழையபடி கண்டேன். அவசரம் போய்விட்டது. பந்து எங்கே விழும் என்று தெரிந்தவள்போல அங்கே முன்னரே நின்றாள். மூன்று முறை எறிந்தாள், மூன்றும் விழுந்தது. ஒன்று மூன்று புள்ளித் தூரத்திலிருந்து. ஏழு புள்ளி. நான் வரிசையாகக் கோடிட்டேன். என் எழுத்து அன்றைய ஷீட்டில் அந்த இடத்தில்தான் மிக அழகாக இருக்கிறது. அவர் பார்க்கிறார், பார்க்கிறார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு பதினைந்தாம் இலக்கப் பிள்ளை ஒரு ஃபவுல் செய்தாள். அது உண்மையாகவே அவளுடையது. எனக்கு ஐந்து என்ற மட்டையை உயர்த்துவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

அந்தப் பிள்ளை மட்டையைப் பார்த்துச் சிரித்தாள். பிழையாக உயர்த்திவிட்டேன் என்று நினைத்தாள். "அன்ரி, எனக்கு நாலுதான்," என்றாள். என்னை அவர்கள் எல்லோரும் அன்ரி என்றுதான் கூப்பிடுவார்கள். நடுவர் வந்து ஷீட்டைக் குனிந்து பார்த்தார். துப்புரவாக ஐந்து இருந்தது. "இவ எழுதினா சரியாத்தான் இருக்கும்," என்று அவளுக்கு ஆறுதலாகச் சொன்னார். அந்தப் பிள்ளை விரல்களால் எண்ணிக்கொண்டு நின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று திரும்பத் திரும்ப. தன்னையே சந்தேகித்து எண்ணினாள். கண் நிறைந்துவிட்டது. நான் பேனையின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

மகள் மேசைக்கு வந்தாள். நடுவரிடம் ஆங்கிலத்தில், "முதல் நடந்தது என்னுடையது. எனக்கு ஐந்து," என்றாள். பிறகு குனிந்து, என்னிடம் மெல்ல,

"அம்மா, எழுதுங்கோ."

நான் அசையவில்லை.

"எல்லாரும் பாக்கினம். எழுதுங்கோ அம்மா."

அழிக்க முடியாத ஷீட் ஆகையால் பதினைந்தின் வரிசையில் எழுதியதன் குறுக்கே கோடு போட்டு, பதினான்கின் வரிசையில் எழுதினேன். நடுவர் பக்கத்தில் தன் முதலெழுத்தை வைத்தார். தவறு நேர்வது சகஜம், கவலைப்படவேண்டாம் என்றார். மகள் போட்ட ஏழு புள்ளியை அவர் எடுக்கவில்லை. விதிப்படி அது நிற்கும். நாங்கள் மூன்று புள்ளியால் வென்றோம்.

எல்லாம் முடிந்து பேனைகளைப் பெட்டியில் வைத்த பிறகுதான் திரும்பினேன். கணவருக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு கடதாசிக் கோப்பைதான் இருந்தது.

"எங்க அவர்?"

கணவர் கையைப் பிசைந்தார். "அவர் மூண்டாம் பகுதி முடியவே போயிட்டாரப்பா. ட்ரெயினுக்கு நேரமாம்."

"ஒண்டும் சொல்லேல்லையோ?"

"பாக்க வேண்டியதைப் பாத்திட்டன் எண்டவர். நான் நல்லதுக்கு எண்டு நினைச்சன்." பிறகு கேட்டார்: "இஞ்சேரும், நல்லதா இருக்கும்தானே?"

 பதினைந்தாம் இலக்கப் பிள்ளையைத் தேடினேன். அவள் பஸ்சுக்குப் போய்விட்டாள்.

 வீட்டுக்கு வரும் வழியில் மகள் காரின் பின் இருக்கையில் காலை நீட்டி, கதவில் சாய்ந்து இருந்தாள். ஏஜென்டின் செய்தி திங்கட்கிழமை வந்தது. இரண்டு வரி. கழகம் வேறு ஒருவரைப் பார்க்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள். அவள் ஷிப்ட் முடிந்து வந்து அதை எனக்குக் காட்டிவிட்டு அறைக்குப் போனாள்.

அன்று மாலை நான் குசினி மேசையில் இருந்து லீக்குக்குக் கடிதம் எழுதினேன். பதிவாளர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்றும், நடுவரின் கையைச் சரியாகக் கவனிக்கவில்லை என்றும், பெருவிரல் தெரியவில்லை என்றும் எழுதினேன். மூன்று முறை திருத்தி, நல்ல தாளில் எழுதி முடித்தபோது மகள் வந்து பின்னால் நின்று வாசித்தாள்.

"பெருவிரல் தெரிஞ்சது அம்மா."

நான் தாளைக் கையால் மறைத்தேன், சின்னப் பிள்ளைபோல.

"நீங்கள் பாத்தது எனக்குத் தெரியும். உங்களுக்குப் பிழைக்காது."

"அவர் இருக்கிறார் எண்டு நினைச்சுத்தான் பிள்ளை. உனக்காக."

"அவர் போனதை நான் கண்டனான்."

"எப்ப?"

"மூண்டாம் பகுதி முடிஞ்சு தண்ணி குடிக்கேக்க. ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு போறார்."

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் வெளியே போகாமல் திரும்பி ஓடியது நினைவுக்கு வந்தது. என் தலைக்கு மேலால் பார்த்தது வெற்று இருக்கையை.

"பிறகு ஏன் நிண்டனீ?"

அவள் கதிரையை இழுத்து இருந்தாள். தமிழில் தேடித் தேடிச் சொன்னாள். "அது கடைசி எண்டு தெரியும். நீங்கள் நாலு எண்டு காட்டினீங்கள். இன்னும் கொஞ்சம் இருக்கு எண்டு... நீங்கள் தந்த மாதிரி இருந்தது. நான் எடுத்திட்டன்." பிறகு ஆங்கிலத்தில், அந்த நான்கு நிமிடமும் தனக்கு இருபது வயது என்றாள். பிறகு அந்தப் பிள்ளை விரலில் எண்ணியதைப் பற்றிச் சொல்லத் தொடங்கி நிறுத்திவிட்டாள்.

நான் அழுதேன். அவள் அழவில்லை. என் கடிதத்தை எடுத்து, பெருவிரல் பற்றிய வரியை ஒரு கோட்டால் வெட்டினாள்.

"திரும்ப எழுதுங்கோ. தெரிஞ்சுதான் எழுதினனான் எண்டு. கீழ என்ர பேரையும் போடுங்கோ. நானும் தெரிஞ்சுதான் விளையாடினனான்."

"உன்னை நிப்பாட்டிப்போடுவினம் பிள்ளை."

"எதிலயிருந்து அம்மா?"

 புதுத் தாள் எடுத்து எழுதினேன். அந்தப் பிள்ளைக்கு ஒரு தனிக் கடிதமும் எழுதினேன். அதற்கு இன்றுவரை பதில் வரவில்லை. வரவேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை. லீக் அந்த வெற்றியை எடுத்துவிட்டது. என்னை இனி எந்த மேசையிலும் இருத்தமாட்டார்கள். மகளுக்கு ஆறு ஆட்டம் தடை. ஆறு ஆட்டம் முடிந்து பல மாதம் ஆகிவிட்டது, அவள் போகவில்லை. அறையில் படுத்திருக்கிறாள், ஷிப்டுக்குப் போகிறாள், வருகிறாள். கடைக்கார அக்கா கேட்டபோது, "இனி விளையாட மாட்டா அக்கா. இஞ்சதான் நிக்கிறா," என்று சொன்னேன். அவர் கறிவேப்பிலை ஒரு கட்டை இலவசமாகப் பையில் போட்டார். பகிடி பண்ணியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தத் திங்கள் மாலையைப் பற்றி இன்னும் ஒன்று எழுத வேண்டும். கடிதத்தில் இருவரும் கையெழுத்து வைத்த பிறகு, "சோறு இருக்கோ?" என்று கேட்டாள். போட்டுக் கொடுத்தேன். கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தேன். தராசு மேசையில் அவளுடைய முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் சோற்றுக் கோப்பையை அதில் வைக்கவில்லை. தராசைச் சுவர்ப் பக்கமாகத் தள்ளிவிட்டு, குனிந்து கையால் பிசைந்து சாப்பிட்டாள். முடிந்ததும் இன்னும் கேட்டாள். நான் வைத்தேன். அதன் பிறகும் கேட்டாள்.

அவளுக்குப் பசித்ததா, அல்லது தன்னைக் கைவிட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கரண்டியோடு பக்கத்தில் நின்றேன். எத்தனை கரண்டி என்று அன்றைய கொப்பியில் இல்லை.